மீதி பேர்

பொன்னேரி
6 அக்டோபர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜெபாவுக்கு அக்கா விக்டோரியா எழுதறது. நான் நல்லா கீறேன். நீ எப்டி கீறே? ஏற்காட்டு மலையில குளுரு ஜாஸ்தின்னு சொல்றாங்க. ஸ்வெட்டர் போட்டுக்க விடறாங்களா, இல்ல அதுவும் தவத்துல சேருமா?

போன் வெச்சுக்கக் கூடாதுன்னு உங்க கன்னியர் மடத்துல சொல்லிட்டாங்க, அதனால கடுதாசி. பேனா புடிச்சே வருசக்கணக்கு ஆச்சு. எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருந்தா சிரிக்காதே.

ஒரு சேதி. கம்பெனியில காண்ட்ராக்ட் ஆளுங்கள்ல பத்தாவது பாஸ் பண்ணவங்கள மட்டும் அடுத்த ஜூன்ல பர்மனெண்ட் ஆக்கப் போறாங்க. என் லைன்ல கீற பூமிகாவுக்கு போன வருசமே ஆயிடுச்சு. எனக்கு கணக்கு ஒண்ணு தான் பாக்கி, உனக்குத் தெரியும். தனித்தேர்வரா எழுதலாம்னு முடிவு பண்ணிட்டேன். டியூஷனுக்குப் போலாம்னா ஷிப்டு மாறிக்கினே கீது. பி.எஸ்சி. கணக்கு படிச்ச தங்கச்சிய சாமிக்குக் குடுத்துட்டு நான் யூட்யூபைப் பாத்து முழிச்சிக்கினு கீறேன்.

இந்தக் கணக்கப் பாரு: ஒரு செவ்வகத் தோட்டம். நீளம் அகலத்த விட 3 மீட்டர் ஜாஸ்தி. பரப்பு 40 சதுர மீட்டர். அகலம் இன்னா? x-னு போட்டேன். அப்புறம் அந்த x என்னப் பாக்குது, நான் அத்தப் பாக்கறேன்.

நைனா இருந்தப்ப அவரு இருமுற சத்தமாவது கேக்கும். நைனா செத்து மூணாம் மாசமே நீயும் போயிட்டே. போன்னு சொன்னது நான் தான், இல்லன்னு சொல்லல. ஒடம்பப் பாத்துக்க. நல்லா சாப்புடு.

உன் அக்கா
விக்டோரியா

*

ஏற்காடு
19 அக்டோபர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெபா நலமாக இருக்கிறேன். உன் சுகத்துக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஸ்வெட்டர் போடலாம், கறுப்புக் கலர் மட்டும்.

முதல்ல ஒரு விஷயம். இங்க வர்ற கடிதம் எல்லாத்தையும் மதர் சாராள் பிரிச்சுப் படிச்சிட்டுத் தான் தருவாங்க. வீட்டுக் கடிதம் மாசத்துக்கு ஒண்ணு தான். உன் கடிதத்தைப் படிச்சிட்டு மதர் சிரிச்சாங்க. "பாடம் சொல்லிக் குடுக்கிறது தர்மம். கணக்கு இருக்கிற கடிதம் எத்தனை வேணும்னாலும் வரலாம். கணக்கு இல்லாதது மாசத்துக்கு ஒண்ணு" அப்படின்னாங்க. அதனால மறக்காம கணக்கு வை.

அகலம் x. அப்போ நீளம் x + 3.
x(x + 3) = 40
x² + 3x − 40 = 0
பெருக்கினா −40, கூட்டினா +3 வர்ற ரெண்டு எண்ணைத் தேடு: 8, −5.
(x + 8)(x − 5) = 0
x = −8 அல்லது x = 5.
அகலம் குறை எண்ணா இருக்க முடியாது, அதனால −8ஐ விட்டுடு. அகலம் 5, நீளம் 8. சரிபார்: 5 × 8 = 40.

கடைசி வரி முக்கியம். சரிபார்க்காம எந்தக் கணக்கையும் மூடாதே.

நைனா படத்துக்குப் பூ போடறியா? ராத்திரி கதவைத் தாழ் போட்டியான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாரு.

அன்புடன்
ஜெபா

*

பொன்னேரி
10 நவம்பர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதறது. நான் சொகம், உன் சொகம் எழுது. மதர், நீங்களும் இத்தப் படிக்கிறீங்கன்னு தெரிஞ்சிடுச்சு, உங்களுக்கும் என் வணக்கம். ஒடம்பு நல்லா கீதுங்களா?

"நலமாக இருக்கிறேன்"னு எழுதினியே, ஜெபா, யாருகிட்ட? நீ பொன்னேரி மார்க்கெட்ல நெத்திலிக்கு சண்ட போட்டவ தானே.

புள்ளியியல் ஆரம்பிச்சிட்டேன். இது ஈசி போல கீது. அஞ்சு பேரோட சராசரி வயசு 30. ஒருத்தர் வெளிய போயிட்டாரு. இப்ப சராசரி 28. போனவரு வயசு இன்னா?

மொதல்ல மொத்தம் 5 × 30 = 150. அப்புறம் 5 × 28 = 140. கழிச்சா 10. போனவரு வயசு பத்து. சரி தானே? புஸ்தகத்துக்குப் பின்னாடி விடை 38னு கீது. அச்சுத் தப்புன்னு நெனைக்கிறேன்.

இங்க மழை. ஷிப்டு முடிஞ்சு தேர்வாய் கண்டிகையிலேந்து கம்பெனி பஸ்ல வந்து எறங்குனா முட்டிக்கா தண்ணி. ஊட்ல நொழஞ்சதும் சோறு வடிச்சேன். ரெண்டு டம்ளர் போட்டுட்டேன், கை பழக்கம். மீந்தத காலைல தண்ணி ஊத்தி சாப்பிட்டேன்.

அக்கா
விக்டோரியா

*

ஏற்காடு
24 நவம்பர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். மதரும் நல்லா இருக்காங்களாம், உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னாங்க.

அச்சுத் தப்பு இல்ல, உன் தப்பு. ஒருத்தர் போயிட்டார் இல்லையா? அப்போ மிச்சம் எத்தனை பேர்? நாலு. நீ ரெண்டாவது தடவையும் அஞ்சால பெருக்கியிருக்கே.

5 × 30 = 150
மீதி பேர் = 4
4 × 28 = 112
150 − 112 = 38

ஆள் போனா மொத்தமும் குறையும், எண்ணிக்கையும் குறையும். இந்தக் கணக்குல எல்லாரும் மாட்டுறது அங்க தான். "மீதி பேர்"னு ஒரு வரி தனியா எழுதிப் பழகு, மறக்காது.

அரிசி ஒரு டம்ளர் போதும் அக்கா. பழையது சாப்பிட்டா உனக்கு சளி பிடிக்கும்.

ஜெபா

*

பொன்னேரி
29 டிசம்பர் 2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜெபாவுக்கு அக்காவோட கிறிஸ்மஸ் வாழ்த்து. மதருக்கும் அங்க கீற எல்லாருக்கும் சொல்லு.

நடுசாமப் பூசைக்குப் போயிட்டு வந்தேன். நாம எப்பவும் நிப்போமே, அந்தத் தூண்கிட்ட நின்னேன். எல்லாரும் "தங்கச்சி எப்டி கீறா?"ன்னு கேட்டாங்க. என்னப் பத்தி ஒருத்தரும் கேக்கல. பரவால்ல. குடில் கட்டல. நட்சத்திரம் மட்டும் மாட்டுனேன், பூமிகா வந்து லைட்டு வெச்சிக் குடுத்தா.

கணக்குக்கு வரேன், இல்லன்னா மதர் கோச்சுப்பாங்க. திட்ட விலக்கம். நாங்க கம்பெனியில வெட்டுற ரப்பர் குழாய் நீளம் வெச்சே போட்டுப் பாத்தேன்: 48, 49, 50, 51, 52. சராசரி 50. ஒவ்வொண்ணும் எவ்ளோ விலகி கீதுன்னு எழுதுனேன்: −2, −1, 0, 1, 2. கூட்டுனா சைபர் வருது. அப்போ எதுவுமே விலகலன்னு அர்த்தமா? கண்ணு முன்னாடி குட்டையும் நெட்டையுமா கெடக்குதே!

அப்புறம் அந்தப் போனவர் கணக்கு இன்னொண்ணு. எட்டுப் பேரு, சராசரி 20. ஒருத்தர் போனதும் 19. 160 − 152 = 8ன்னு போட்டேன். பின்னாடி 27ன்னு கீது. திரும்பவும் அதே எடத்துல வுழுந்துட்டேன், திட்டாதே. மீதி பேருன்னு எழுதத் தான் எழுதுறேன். பக்கத்துல பழைய நம்பரே வந்துடுது.

அக்கா

*

ஏற்காடு
18 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கோ. ஜுரம் எல்லாம் இல்ல, பயப்படாதே. நீ எப்படி இருக்கே? உன்னைத் தான் கேக்கறேன்.

விலகலைக் கூட்டினா எப்பவும் சைபர் தான் வரும். கூட்டல் பக்கம் இருக்கிறதும் கழித்தல் பக்கம் இருக்கிறதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். அதனால தான் ஒவ்வொண்ணையும் வர்க்கம் போடணும்: 4, 1, 0, 1, 4. கூட்டு: 10. அஞ்சால வகு: 2. அதோட வர்க்கமூலம் ஏறக்குறைய 1.41. அது தான் திட்ட விலக்கம். சைபரைப் பாத்து எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடாதே.

ரெண்டாவது கணக்குக்கு உன்னைத் திட்ட உக்காந்தேன் அக்கா. திட்ட முடியல. ஏன்னு சொல்றேன்.

என் பக்கத்துக் கட்டில் அருணா, செவ்வாப்பேட்டைப் பொண்ணு, பொங்கல் முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டா. இந்த வாழ்க்கை தனக்கு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டா. விடியறதுக்கு முன்னாடி கார் வந்தது. காலையில அவ கட்டில்ல படுக்கை சுருட்டி இருந்தது. யாரும் அதைப் பத்திப் பேசல, பேசக் கூடாது. அன்னிக்கு சாப்பாட்டு மேசைக்குத் தட்டு வைக்கிற முறை என்னோடது. அவளுக்கும் சேர்த்து வச்சிட்டேன். மதர் அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்த்து வச்சாங்க. மறுநாளும் வச்சேன். கணக்குல பி.எஸ்சி.

அதனால உன் தப்புக்கு இந்தத் தடவை மார்க் குறைக்கல. ஆனா பரீட்சையில குறைப்பாங்க. 7 × 19 = 133. 160 − 133 = 27.

மே 31 எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவியா இருப்பேன்னு சாமிகிட்ட வாக்குக் குடுக்கிற நாள். அதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் போகலாம்னு மதர் எல்லாருக்கும் ஒரு தடவை சொன்னாங்க.

ஜெபா

*

பொன்னேரி
2 பிப்ரவரி 2025

இயேசு மரி சூசை துணை

தங்கச்சிக்கு அக்கா எழுதறது. நான் சொகம்.

அந்த அருணா பொண்ணு ஊட்ல ஏத்துக்கினாங்களா? திட்டுனாங்களா? சும்மா தான் கேக்கறேன்.

கணக்கு: x² − 9x + 20 = 0. விடை 4, 5. சரிபாத்துட்டேன்.

மெத்தைய வெயில்ல போட்டேன். உன் தலகாணி உறையும் தோச்சி வெச்சேன். சும்மா, தூசி.

அக்கா

*

ஏற்காடு
26 பிப்ரவரி 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விடை சரி. அருணா வீட்டுல என்ன சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரிய வராது.

ரெண்டு சேதி. அடுத்த வாரம் திருநீற்றுப் புதன். தவக்காலம் முழுக்க நாங்க கடிதம் எழுத மாட்டோம், வர்றதையும் தர மாட்டாங்க. மதர் அலமாரியில இருக்கும், ஈஸ்டருக்குத் தான் கையில கிடைக்கும். பரீட்சை சமயத்துல இப்படி ஆயிடுச்சேன்னு எனக்கே பேஜாரா இருக்கு. பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வச்சுப் போட்டுப் பாரு. உனக்கு எல்லாம் தெரியும்.

இன்னொண்ணு. வார்த்தைப்பாடு குடுக்கிறவங்க பேரை வீட்டு ரேஷன் கார்டுல இருந்து எடுத்துட்டதா தாள் வேணுமாம், இங்க சேர்க்கணும். நேரம் கிடைக்கும்போது போய் எடுத்துடு அக்கா.

ஜெபா

*

பொன்னேரி
12 மார்ச் 2025

ஜெபா,

நீ இத்த இப்ப படிக்க மாட்டே. அதனால தான் எழுதறேன். எழுதிட்டு தபால் பெட்டியில போட எனக்குத் தைரியம் வருமான்னு தெரியல.

வந்துடு ஜெபா.

ரேஷன் கடைக்குப் போனேன். அம்மா பேரு போயி, நைனா பேரு போயி, கார்டுல நாம ரெண்டு பேரு தான். "தங்கச்சிக்குக் கல்யாணமா?"ன்னு கடைக்காரம்மா கேட்டுச்சு. இல்ல, சிஸ்டராப் போறான்னு சொன்னேன். "அப்போ நீ மட்டும் தானா?"ன்னு கேட்டுச்சு. கார்ட வாங்கிக்கினு ஊட்டுக்கு வந்துட்டேன்.

பஸ்ல ஏறுனதும் எல்லாப் பொண்ணுங்களும் போன எடுத்து "ஊட்டுக்கு வந்துக்கினே கீறேன்"னு சொல்லும். ஒருத்தி புருசங்கிட்ட, ஒருத்தி அம்மாகிட்ட. நேத்து நானும் போன காதுல வெச்சிக்கினு "வந்துக்கினே கீறேன், கும்மிடிப்பூண்டி தாண்டிட்டேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் யாரும் இல்ல. பூமிகா பக்கத்துல தான் உக்காந்துக்கினு இருந்தா. பாத்துட்டா. மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கினா.

போன வாரம் ஜுரம். எழுந்து தண்ணி மோந்து குடிக்க முடியல. உன்னப் பேர் சொல்லிக் கூப்புட்டேன், ரெண்டு தரம். அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு.

நீ சாமிகிட்டப் போனா சாமிக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது, வரலன்னா இன்னா கொறைஞ்சிடப் போவுது? அவருக்கு ஆளா இல்ல? எனக்கு நீ ஒருத்தி தானே.

மதர், இதுல கணக்கு இல்ல. மாசத்துக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களே, அது இதுவா இருக்கட்டும்.

அக்கா

*

பொன்னேரி
30 மார்ச் 2025

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி ஜெபாவுக்கு அக்கா எழுதறது. நான் நல்லா கீறேன், ஒடம்பு தேறிடுச்சு.

போன கடுதாசியப் போட்டதும் தபால் பெட்டியில கைய வுட்டு எடுக்கலாமான்னு பாத்தேன். கை பூரல. அத்தப் படிக்காதே. படிச்சிட்டேன்னா கிழிச்சிப் போட்டுடு. ஜுரத்துல ஒளறுனது.

உன் பேர நீக்கிட்டாங்க. தாள இதோட வெச்சி அனுப்பறேன்.

அடுத்த வாரம் கணக்குப் பரீட்ச. இத்தப் பாரு, யாரையும் கேக்காம போட்டேன்:

5 × 30 = 150
மீதி பேர் = 4
4 × 28 = 112
150 − 112 = 38

பாத்தியா? ஒரு தப்பும் இல்ல. இனிமே என்னப் பத்தி உனக்குக் கவலை வேணாம். டிக் போட்டு அனுப்பு.

அக்கா
விக்டோரியா

*

ஏற்காடு
21 ஏப்ரல் 2025

இயேசு மரி சூசை துணை

என் அக்காவுக்கு,

உயிர்ப்பு வாழ்த்துகள். ஜுரம் திரும்ப வரலையே? பரீட்சை எப்படி எழுதினே?

ரெண்டு கடிதத்தையும் நேத்து மதர் சேர்த்துக் குடுத்தாங்க. "கோயில்ல உக்காந்து படி, அவசரப்படாதே" அப்படின்னு மட்டும் சொன்னாங்க.

முதல் கடிதத்தைப் படிச்சிட்டு மேல போய்ப் பையை எடுத்தேன் அக்கா. பொய் சொல்லல. துணியைக் கூட அடுக்கினேன். அப்புறம் ரெண்டாவதைப் பிரிச்சேன். நீ கணக்கை சரியாப் போட்டிருந்தே. அதைப் பாத்துத் தான் அழுதேன். உனக்கு நாலு மாசமா வராத வரி, நான் இல்லாம தனியா உக்காந்து எழுதியிருக்கே. என்னால டிக் போட முடியல.

ஆனா நான் வரல.

இதை உனக்குப் படி படியா எழுதணும்னு ராத்திரி உக்காந்தேன். முதல் வரிக்கு மேல வரல. உன் மேல பாசம் குறைஞ்சதால இல்ல. சாமிக்கு ஆள் இல்லாம போயிடும்னும் இல்ல. இங்க தான் இருக்கணும்னு எனக்கு இருக்கு, அவ்வளவு தான் தெரியுது. இங்கயும் தனியா தான் இருக்கேன் அக்கா. ஆனா இது நான் கேட்டு வாங்கினது. உன்னோடது நான் குடுத்தது.

மே 31ஆம் தேதி பெத்தவங்க ஸ்தானத்துல ஒருத்தர் கையைப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிக்கினு போகணும். வர்றியா? வரலைன்னாலும் நான் கோச்சுக்க மாட்டேன்.

ஜெபா

*

பொன்னேரி
17 மே 2025

இயேசு மரி சூசை துணை

என் தங்கச்சி ஜெபாவுக்கு அக்கா எழுதறது. நல்லா கீறேன். மதருக்கு வணக்கம்.

உன் கடுதாசி வந்து ரொம்ப நாள் ஆச்சு. பதில் போடலன்னு தவிச்சிருப்பே. கோவமாத் தான் இருந்தேன், மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் உன் படத்தத் திருப்பி வெச்சிருந்தேன். அப்புறம் நானே நேராக்கிட்டேன்.

நேத்து ரிசல்ட்டு. பாஸ்! கணக்குல 52. பூமிகா லைன்லயே என்னத் தூக்கி சுத்துனா, சூப்பர்வைசர் திட்டுனாரு. ஜூன்லேந்து பர்மனெண்ட். நீ சொல்லிக் குடுத்த x² கணக்கு அப்டியே வந்துச்சு. திட்ட விலக்கமும் வந்துச்சு. வர்க்கம் போட மறக்கல.

அந்தப் போனவர் கணக்கும் வந்துச்சு. ஆறு பேரு, சராசரி 24. ஒருத்தர் போனதும் 22. பாத்ததும் எனக்கு விடை தெரிஞ்சு போச்சு, 34. மனசுலயே போட்டுட்டேன். பேப்பர்ல 6 × 24 = 144ன்னு எழுதுனேன். கீழ "மீதி பேர் =" னு எழுதுனேன். அதோட நிறுத்திட்டேன்.

தெரியாம இல்ல ஜெபா. உனக்கு அனுப்பினப்ப சரியாப் போட்டவ தானே. உனக்குக் கவலை இருக்கக் கூடாதுன்னு போட்டேன். அங்க ஹால்ல உக்காந்துக்கினு அத்தனை பேருக்கு நடுவுல அந்த நம்பர எழுத எனக்கு மனசு வரல. அத அப்டியே வுட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டேன். மார்க்கு போனா போவட்டும், பாஸாவறதுக்கு அது வேணாம். ரேஷன் கார்டுல உன் பேர எடுத்தாங்க, அது அவங்க கணக்கு. என் கணக்குல நான் எடுக்கல.

நீ கும்புட்ட சாமிகிட்டயே இரு. நான் தடுக்கல. 30ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறி காலைல வந்துடுவேன். கையப் புடிச்சு நான் தான் கூட்டிக்கினு போவேன், வேற யாரையும் வெச்சிடாதே. கருவாடு எடுத்தாந்தா மதர் வாசல்லயே நிறுத்திடுவாங்களா? கேட்டு எழுது. நெத்தியில முத்தம் குடுக்க விடுவாங்களான்னும் கேளு.

அரிசி இன்னும் ரெண்டு டம்ளர் தான் போடறேன்.

உன் அக்கா
விக்டோரியா